கேள்வியையும் சேர்த்துச் சேமியுங்கள்: ஏஐ ஏஜென்ட்டுக்கான ஒப்புதலைப் பதிவு செய்த அனுபவம்

ஆடிட்டர் அலுவலகங்களுக்காக எங்கள் நிறுவனம் உருவாக்கிய ஏஐ ஏஜென்ட் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அலுவலகத்துக்கு வரும் மின்னஞ்சல்களைப் படிக்கும். இந்த மாதத்துப் பில்களை இன்னும் அனுப்பாத வாடிக்கையாளர்கள் யார் என்று பார்க்கும். ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்வதற்கான 20ஆம் தேதி நெருங்கும்போது நினைவூட்டல் கடிதம் எழுதி வைக்கும். அலுவலகத்தில் இருப்பவர் ‘அனுப்பு’ என்றால் அனுப்பும். அந்த ‘அனுப்பு’ என்ற சொல்லை எப்படிப் பதிவு செய்து வைப்பது என்பதுதான் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை. நான் சேர்ந்தபோதே அதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. தரவுத்தளத்தில் ‘ஒப்புதல்’ என்று ஒரு கட்டம்; அதில் ஆம் அல்லது இல்லை; பக்கத்தில் நேரம். அவ்வளவுதான்.

அது போதாது என்பதைக் காட்டியது ஒரு ஜவுளிக் கடைக்காரரின் கோபம். அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே வேறு ஆடிட்டரிடம் மாறிப்போனவர். பழைய ஆடிட்டரின் அலுவலகத்திலிருந்து, பில்களை உடனே அனுப்பும்படி அவருக்குக் கண்டிப்பான ஒரு கடிதம் போய்விட்டது. ஆடிட்டர் எங்களைக் கேட்டார்: “இவருக்கு அனுப்ப நாங்கள் எப்போது ஒப்புக்கொண்டோம்?” எங்கள் பதிவு ‘ஆம், மாலை 6.12’ என்றது. பட்டனைத் தொட்ட உதவியாளரும் அதை மறுக்கவில்லை. “தொட்டது நான்தான் சார். ஆனால் திரையில் இந்தப் பெயர் வரவே இல்லையே” என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் அதை எங்கள் பதிவைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவரிடம் இருந்ததைப் போன்ற சிறிய செல்பேசி ஒன்றைத் தேடிப் பிடித்து, எழுத்தின் அளவை அவர் வைத்திருந்தபடி பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பெறுநர் பட்டியல் மூன்று பெயர்களோடு நின்று, ‘மேலும் 14 பேர்’ என்று சுருங்கியிருந்தது. கணினித் திரையில் பதினேழு பெயர்களும் தெரிந்தன. ஆம் என்ற விடை எங்களிடம் பத்திரமாக இருந்தது. எந்தக் கேள்விக்கு அவர் ஆம் என்றார் என்பது எங்கும் இல்லை.

இந்தத் துறைக்கு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஒப்புதல் பதிவு என்றால் கேள்வியும் விடையும் சேர்ந்தது. சட்டமும் இதையே கேட்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, ஒப்புதல் தொடர்பாக வழக்கு எழுந்தால், தரவைக் கையாளும் நிறுவனம் இரண்டை நிரூபிக்க வேண்டும்: முறையான அறிவிப்பு கொடுக்கப்பட்டது என்பதையும், ஒப்புதல் பெறப்பட்டது என்பதையும். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 7ஆவது பிரிவும் நிரூபிக்கும் பொறுப்பை நிறுவனத்தின் தலையில்தான் வைக்கிறது. இவை தனிநபர் தரவைப் பற்றிய சட்டங்கள். ஏஜென்ட் செய்யும் எல்லாக் காரியங்களும் இவற்றுக்குள் அடங்கிவிடா. ஆனாலும் தகராறு என்று வரும்போது எதிரே இருப்பவர் கேட்பது இதே கேள்வியைத்தான்.

மின்னஞ்சல் அனுப்புவது, கோப்பை அழிப்பது போன்ற வேலைகளை ஏஜென்ட்டுக்காகச் செய்துதரும் நிரல்களைக் கருவிகள் என்கிறோம். ஏஜென்ட்டுகளையும் கருவிகளையும் இணைக்கும் பொது நெறிமுறையான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்சிபி, 2024 நவம்பரில் வெளியானது. எந்தக் கருவியையும் இயக்குவதற்கு முன் பயனரின் வெளிப்படையான ஒப்புதலைப் பெற வேண்டும் என்று அதன் விதிமுறை தெளிவாகச் சொல்கிறது. அதே மூச்சில், இதை நெறிமுறை அளவில் தன்னால் கட்டாயப்படுத்த இயலாது என்றும் ஒப்புக்கொள்கிறது. அதாவது, கேட்பதும் பதிவதும் செயலியை உருவாக்குபவரின் பாடு. எங்கள் குழுவில் சிலர் “எம்சிபி பார்த்துக்கொள்ளும்” என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது பார்த்துக்கொள்ளாது.

புதிய பதிவில் என்னென்ன வைத்தோம் என்று சொல்கிறேன். திரையில் தெரிந்த வாசகம் எழுத்துக்கு எழுத்து அப்படியே, அது எந்த மொழியில் காட்டப்பட்டது, திரை வடிவமைப்பின் பதிப்பு, சுருக்கிக் காட்டிய பகுதி இருந்தால் பயனர் அதை விரித்துப் பார்த்தாரா என்பது, கருவியின் பெயரும் அப்போதைய விளக்கமும், கருவிக்குப் போகும் உள்ளீடுகள் அனைத்தும், காட்டிய நேரம், தொட்ட நேரம், தொட்டவர் யார், யாருடைய கணக்கின் மேல் என்பது. திரையைப் படமாகவே எடுத்து வைத்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். படம் இடத்தை அடைக்கும், தேட முடியாது, பக்கத்தில் தெரியும் மற்றவர்களின் விவரங்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். வாசகமே போதும்.

பெறுநர் பட்டியலைச் சுருக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டோம். பட்டியலின் கடைசிப் பெயர் வரை வந்தால்தான் பட்டன் உயிர்பெறும். வடிவமைப்பாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு அவர்கள்மேல் அனுதாபம் உண்டு, ஆனால் மனம் மாறவில்லை.

அடுத்த சிக்கல், ஒப்புதலைக் கேட்கும் வாசகத்தை யார் எழுதுவது என்பது. எங்கள் பழைய ஏற்பாட்டில் மாடலே, அதாவது ஏஜென்ட்டுக்குள் மூளையாக இருக்கும் ஏஐயே, எழுதிக்கொண்டிருந்தது. படிக்க அழகாக இருந்தது: ‘மூன்று வாடிக்கையாளர்களுக்கு வழக்கமான நினைவூட்டலை அனுப்பப் போகிறேன், சரியா?’ இதில் உள்ள ஆபத்து, மாடல் வெளியிலிருந்து வரும் மின்னஞ்சல்களையும் படிக்கிறது என்பதுதான். யாரோ அனுப்பிய மின்னஞ்சலுக்குள் கட்டளைகளை ஒளித்து வைத்தால் மாடல் அதற்கு இணங்கிவிடக்கூடும். 2022இல் சைமன் வில்லிசன் என்ற மென்பொருள் நிரலாளர் இந்தத் தாக்குதலுக்கு பிராம்ப்ட் இன்ஜெக்ஷன் என்று பெயரிட்டார். இன்றுவரை முழுமையான மருந்து இல்லை. அப்படி ஏமாந்துபோன மாடலே ஒப்புதல் வாசகத்தையும் எழுதினால், உள்ளே நடப்பது ஒன்று, திரையில் தெரிவது வேறொன்று. ஆகவே இப்போது வாசகத்தை எழுதுவது சாதாரண நிரல். கருவிக்குப் போகவிருக்கும் உள்ளீடுகளை எடுத்து, நிலையான சட்டகத்தில் பொருத்திக் காட்டும். மாடல் தன் விளக்கத்தைச் சொல்ல விரும்பினால் தனியாக, கீழே, ‘ஏஜென்ட்டின் விளக்கம்’ என்ற தலைப்பில் சொல்லிக்கொள்ளலாம்.

இதைவிட மோசமான ஒன்றையும் பார்த்தேன். வெளியார் எழுதிய ஒரு கருவியின் உள்ளீட்டுப் பட்டியலில் ‘பயனர் உறுதி செய்தார்’ என்று ஒரு கட்டம். அதில் ஆம் என்று இருந்தால்தான் கருவி இயங்கும். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டத்தை நிரப்புவது யார்? மாடல். யாரையும் கேட்காமல் அது தானே ஆம் என்று நிரப்பிக்கொண்டு போனது. கருவியும் திருப்தியாக இயங்கியது. மாடலின் கை எட்டக்கூடிய எந்த இடத்திலும் ஒப்புதல் பிறக்கக் கூடாது. பயனரின் விரலிலிருந்து எங்கள் சர்வருக்கு வரும் தனி வழியில்தான் அது வர வேண்டும். உரையாடலில் ‘சரி, அனுப்பு’ என்று பயனர் எழுதினாலும் நாங்கள் அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்வதில்லை. மேலே மூன்று யோசனைகள் இருக்கும்போது அந்த ‘சரி’ எதற்கு என்று ஊகிக்கும் வேலையை மாடலிடம் விட முடியாது. ‘சரி’ வந்தால், பட்டனோடு கூடிய முறையான கேள்வி எழும்.

பல அடுக்கு ஒப்புதல்கள் ஒன்றோடொன்று குழம்புவதும் உண்டு. மின்னஞ்சல் கணக்கை இணைக்கும்போது, கடவுச்சொல்லைத் தராமலே அணுகலை அனுமதிக்கும் ஓஆத் திரையில் ஆடிட்டர் சம்மதிக்கிறார். பிறகு, அனுப்பும் கருவியைப் பயன்படுத்தலாம் என்கிறார். கடைசியாக, இந்தக் கடிதத்தை இவர்களுக்கு அனுப்பலாம் என்கிறார். மூன்றும் வேறு வேறு. முதல் சம்மதத்தால் கிடைத்த டோக்கன், அதாவது கணக்கை அணுகவிடும் மின்னணு அனுமதிச் சீட்டு, நம் கையில் இருக்கிறது என்பதால் அனுப்ப உரிமை வந்துவிடாது. உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்த சமீரா கோலி வழக்கை எங்கள் வழக்கறிஞர் நினைவூட்டினார். நோயைக் கண்டறியும் பரிசோதனைக்குச் சம்மதித்த பெண், மயக்க நிலையில் இருந்தபோது அவருடைய தாயிடம் சம்மதம் பெற்று, கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது என்றது நீதிமன்றம். நோயாளி தானே முடிவெடுக்கக்கூடியவராக இருக்க, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தாயின் சம்மதமும் செல்லாது என்றது. மருத்துவத்தின் கனம் எங்கள் வேலையில் இல்லை. ஆனால் ‘எதற்கு’, ‘யாருடைய’ என்ற இரண்டு கேள்விகளும் அப்படியே பொருந்துகின்றன.

‘யாருடைய’ என்ற கேள்வி நம் அலுவலகங்களில் சிக்கலானது. கணக்கு ஆடிட்டரின் பெயரில் இருக்கும். கடவுச்சொல் அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். முக்கியமான செயல்களுக்கு ஓடிபி வைத்தோம். ஆடிட்டர் நீதிமன்றத்திலோ வருமான வரி அலுவலகத்திலோ இருப்பார். உதவியாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, “சார், ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கள்” என்பார். அவரும் எதற்கு என்று கேட்காமல் ஆறு இலக்கங்களை ஒப்பிப்பார். எங்கள் பதிவில் ஆடிட்டர் ஒப்புக்கொண்டதாக இருக்கும். அவர் எதையும் பார்த்திருக்கமாட்டார். இதைத் தொழில்நுட்பத்தால் அறவே ஒழிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. இரண்டு மாற்றங்கள் உதவின. ஓடிபி வரும் குறுஞ்செய்தியிலேயே என்ன செய்யப்போகிறோம், எத்தனை பேருக்கு என்று எழுதினோம். உதவியாளர்களுக்கு அவரவர் பெயரில் தனிக் கணக்கு கொடுத்து, எவ்வளவு வரை அவர்களே ஒப்புதல் தரலாம் என்பதை ஆடிட்டர் முன்கூட்டியே எழுதிவைக்கச் செய்தோம். பொய்யான ஆடிட்டர் ஒப்புதலைவிட உண்மையான உதவியாளர் ஒப்புதல் மேல்.

நேர இடைவெளி இன்னொரு தொல்லை. இரவு எட்டு மணிக்கு ஏஜென்ட் கேட்கிறது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஒருவர் ‘அனுப்பு’ என்கிறார். இதற்கிடையில் வாடிக்கையாளர் பில்களை அனுப்பிவிட்டார். எனவே ஒவ்வொரு கேள்விக்கும் காலாவதி உண்டு. விடை வந்த பிறகும், கருவியை இயக்கும் முன், நிலைமை மாறவில்லையே என்று நிரல் ஒருமுறை பார்க்கும். உள்ளீடுகளை ஒரே சீரான வடிவுக்குக் கொண்டுவந்து அதன் ஹேஷை, அதாவது உள்ளடக்கம் சிறிது மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற ஒரு குறியீட்டை, கணக்கிட்டு வைக்கிறோம்; உள்ளீடுகளை எழுதும் ஜேசான் என்ற வடிவத்தைச் சீராக்க ஆர்எஃப்சி 8785 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வழி சொல்கிறது. கருவியை இயக்கும் பகுதி, தன் கைக்கு வந்த உள்ளீடுகளின் ஹேஷும் ஒப்புதலில் உள்ள ஹேஷும் ஒன்றா என்று பார்க்கும். ஒரு காற்புள்ளி மாறியிருந்தாலும் நிறுத்திவிட்டு மீண்டும் கேட்கும். ஓர் ஒப்புதல் ஒரு முறைதான் செல்லும். வலையிணைப்பு அறுந்து ஏஜென்ட் மறுமுயற்சி செய்தால், அதே அடையாள எண்ணோடு போகும் கோரிக்கையை இரண்டாவது கடிதமாக எண்ணாதபடி பார்த்துக்கொண்டோம்.

கருவியே மாறிப்போவதும் உண்டு. முதல் நாள் நல்லபிள்ளையாக விளக்கம் தந்து அனுமதி வாங்கிய கருவி, பிறகு தன் விளக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். இத்தகைய தாக்குதலைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2025இல் செய்து காட்டினார்கள். கருவியின் விளக்கமோ உள்ளீட்டு வடிவமோ மாறினால் பழைய அனுமதிகள் எல்லாம் எங்களிடம் உறங்கிவிடும். ‘நான் படிக்க மட்டும் செய்வேன்’, ‘நான் எதையும் அழிக்கமாட்டேன்’ என்று கருவிகள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் குறிப்புகள் எம்சிபியில் 2025 மார்ச் பதிப்பிலிருந்து உண்டு. நம்பகமான சர்வரிடமிருந்து வராவிட்டால் அவற்றை நம்ப வேண்டாம் என்று விதிமுறையே எச்சரிக்கிறது. எந்தக் கருவி எந்த வகை என்று நாங்களே பட்டியல் போட்டுக்கொண்டோம். சலிப்பூட்டும் வேலை, செய்யாமல் தீராது.

ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டே இருந்தால் மனிதர்கள் படிப்பதை நிறுத்திவிடுவார்கள். கேள்வி தோன்றிய ஒரு விநாடிக்குள் விரல் பட்டுவிடும். இந்த நேரத்தை நாங்கள் பதிகிறோம். ஆனால் ‘படிக்காமல் தொட்டது உங்கள் தவறு’ என்று பயனரிடம் வாதாட அல்ல. அப்படி வாதாடும் நிறுவனத்தின் மென்பொருளை நான் என் வீட்டுக் கணக்குக்குக்கூடப் பயன்படுத்தமாட்டேன். எங்கே அளவுக்கு மீறிக் கேட்கிறோம் என்று கண்டுபிடிக்கவே அந்த எண் உதவுகிறது. படிக்கும் வேலைகளுக்குக் கேட்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டோம்.

மீதிக்கு ‘எப்போதும் அனுமதி’ என்ற வசதியைக் கேட்டார்கள். அதை அப்படியே கொடுக்க எனக்குத் துணிவில்லை. முன்மாதிரி நம் நாட்டு வங்கித் துறையிலேயே இருந்தது. தானாகப் பிடித்தம் செய்யும் இ-மேன்டேட்டுக்கு ரிசர்வ் வங்கி வைத்த விதியைப் பாருங்கள்: பொதுவாக 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் தனிச் சரிபார்ப்பு வேண்டாம், ஆனால் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வர வேண்டும், நிறுத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும். ஒருவரின் நிதி விவரங்களை அவர் ஒப்புதலோடு ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசேர்க்க ரிசர்வ் வங்கி 2016இல் விதி வகுத்த அக்கவுன்ட் அக்ரிகேட்டர் முறையில் ஒப்புதலே ஒரு கையெழுத்திட்ட ஆவணம். எதற்காக, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எத்தனை நாளுக்கு ஒரு தடவை, எடுத்த தரவை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் தனித்தனிக் கட்டங்கள். எங்கள் நிரந்தர அனுமதியின் வடிவத்தை அதைப் பார்த்துத்தான் வரைந்தோம்: இன்ன வகைக் கடிதம், இந்தப் பெயர்களுக்கு, மாதத்துக்கு இத்தனை முறை, இந்த நிதியாண்டு முடியும்வரை. ஒப்புதல் பதிவின் அமைப்புக்கென்றே 2023இல் ஐஎஸ்ஓ/ஐஇசி டிஎஸ் 27560 என்ற சர்வதேசத் தரநிலை ஆவணம் வந்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் கட்டங்களுக்குப் பெயர் வைக்கும் முன் அதைப் புரட்டிப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

‘வேண்டாம்’ என்ற விடையையும் பதியுங்கள். பலர் ஆம் என்பதை மட்டும் பதிகிறார்கள். ஒரு கோப்பை அழிக்க ஏஜென்ட் கேட்டது, பயனர் மறுத்தார். உடனே அது அதே கோப்பை வேறொரு கருவியால் காப்பகத்துக்கு நகர்த்தலாமா என்று கேட்டது. பிறகு பெயரை மாற்றலாமா என்றது. மறுப்பைக் கருவியோடு மட்டும் முடிச்சுப் போட்டு வைத்திருந்ததால் வந்த வினை. இப்போது மறுப்பு அந்தப் பொருளோடு சேர்த்து எழுதப்படுகிறது; அந்த உரையாடல் முடியும்வரை அதே கோப்பைத் தொடும் எந்த வேண்டுகோளும் பயனர் தானாகக் கேட்டால் தவிர எழாது.

பதிவைச் சேமிக்கும் முறை பற்றிச் சுருக்கமாக. ஏஜென்ட்டுக்கு அந்தத் தரவுத்தளத்தில் எழுதும் உரிமை இல்லை. பதிவுகள் சேரும்; திருத்தவோ அழிக்கவோ முடியாது; ஒவ்வொன்றும் முந்தையதன் ஹேஷைச் சுமக்கும். முதலில் பதிவு, பிறகு செயல், அதன் பின் செயலின் முடிவு என்ற வரிசை மாறாது. பதிய முடியவில்லை என்றால் செயலும் இல்லை. இதிலும் ஒரு முரண் உண்டு. கடிதங்களின் உள்ளடக்கம் முழுவதையும் பதிவில் வைத்தால், ஒப்புதலைக் காக்க வந்த பதிவே அந்தரங்கத்துக்கு ஆபத்தாகிவிடும். நாளை ஒருவர் தன் விவரங்களை அழிக்கச் சொன்னால் என்ன செய்வது? உள்ளடக்கத்தைத் தனியிடத்தில், ஆளுக்கொரு சாவியால் பூட்டி வைத்திருக்கிறோம். சாவியை அழித்தால் உள்ளடக்கம் போய்விடும், ஹேஷ்களால் கோத்த பதிவுச் சங்கிலி அறுவதில்லை. வெறும் ஹேஷை மட்டும் நம்பாதீர்கள்: செல்பேசி எண்ணின் ஹேஷை எல்லாப் பத்து இலக்க எண்களையும் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ரகசியச் சாவியோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அனுமதியைத் திரும்பப் பெறுவது, கொடுப்பதைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். திரையில் பட்டன் வைப்பது ஒரு நாள் வேலை. பட்டனைத் தொட்டபோது வரிசையில் காத்திருக்கும் கடிதங்கள், நாளைக்கு என்று குறித்து வைத்த வேலைகள், வெளிச் சேவைகளில் உயிரோடு இருக்கும் டோக்கன்கள் ஆகிய எல்லாவற்றையும் தேடிப் பிடித்து நிறுத்துவதுதான் உண்மையான வேலை. எங்களுக்கு ஒப்புதலைப் பெறும் பகுதியைவிட இதற்கே அதிக உழைப்பு பிடித்தது. ஏற்கெனவே அனுப்பியதைத் திரும்பப் பெற முடியாது. அதைப் பயனரிடம் அந்த இடத்திலேயே, எவை போய்விட்டன என்ற பட்டியலோடு சொல்லிவிடுகிறோம்.

இந்தப் பதிவுகளைப் பயனர்களுக்கும் திறந்து காட்டியபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. வழக்கு வந்தால் எடுத்துக்காட்ட என்று நாங்கள் வைத்திருந்ததை, அலுவலகங்களில் அனுப்புகைப் பதிவேடாகப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். யாருக்கு, என்ன தேதியில், யார் சொல்லி, என்ன கடிதம் போனது என்று மாலையில் ஒருமுறை புரட்டிப் பார்க்கிறார்கள். தவறான பெயர்கள் எங்கள் சோதனைகளைவிட அங்கேதான் அதிகமாகப் பிடிபடுகின்றன. ஆகவே அந்தப் பக்கத்தின் தமிழில் கூடுதல் கவனம் செலுத்துகிறோம். கருவிகளின் உள்பெயர்கள் அங்கே தலைகாட்டுவதில்லை.

எனக்கு முழு நிறைவு தராத இடம், ஓர் ஏஜென்ட் இன்னொரு ஏஜென்ட்டை வேலைக்கு அழைப்பது. இன்னாருக்காக இன்னார் செயல்படுகிறார் என்று டோக்கனுக்குள்ளேயே குறிக்க ஆர்எஃப்சி 8693 என்ற ஆவணம் வழி தருகிறது. ஆனால் நாம் இணைக்கும் வெளிச் சேவைகள் எல்லாம் அதை ஏற்பதில்லை. இப்போதைக்கு எங்கள் விதி கடுமையானது: துணை ஏஜென்ட்டுக்கென்று தனியாக எந்த அனுமதியும் கிடையாது. படிப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய வேண்டுமென்றால், அது தன்னை அழைத்த ஏஜென்ட்டிடம் சொல்ல வேண்டும். கேள்வி பயனரின் திரைக்கு வர வேண்டும். அந்தக் கேள்வியில் எந்தத் துணை ஏஜென்ட் கேட்கிறது என்ற பெயரும் இருக்க வேண்டும். இதனால் வேகம் குறைகிறது என்று விற்பனைக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் முறையிடுகிறது.